அதிர்வு மேசை, புதன்கிழமை

ஆய்வகத்தின் சாவி என்னிடம்.
பாடம் அவர்களுடையது.

கொன்செப்சியோனில் ஆகஸ்ட் மழை.
கட்டிடப் பொறியியலிலிருந்து ஒன்பது பேர்,
சிற்பத்துறையிலிருந்து எட்டு.
முதல் வாரமே சண்டை, கை கழுவும் தொட்டிக்கு:
களிமண் குழாயை அடைக்கும் என்றான் உலீசெஸ்.
உங்கள் சிமெண்ட் மட்டும் கரைந்தா போகிறது என்றாள் ரயேன்.
(குழாயைக் கழற்றிப் பார்த்தவன் நான். இரண்டும் இருந்தன.)

இரண்டு பேராசிரியர்கள், ஒரே மதிப்பெண் தாள்.
'பிழை' என்ற கட்டத்தில் ஒருவர் எண் எழுதுவார்,
அதே கட்டத்தில் மற்றவர் 'நன்று' என்று எழுதுவார்.
அலுவலகம் மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டது.

ரயேனின் சுதைப் பெண் நான்காவது நொடியில்
கணுக்காலில் முறிந்தாள்.
உலீசெஸ் கணக்குப் போட்டுக் காட்டினான்:
வளைக்கும் விசை அங்கேதான் உச்சம்.
தெரியும், என்றாள்,
அந்த இடம் வந்தபோது என் கட்டைவிரல் தயங்கியது.
அதை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல்
அவன் பேனாவை மூடினான்.

இன்று அவள் உருவம் எதுவும் கொண்டுவரவில்லை.
தண்ணீர் கூடிய களிமண், இருபது கிலோ, வெறும் குவியல்.
'பிப்ரவரி இருபத்தேழை ஓட்டுங்கள்.'
எதை அளக்க, என்றான்.
அவள் குவியலின் உச்சியைத் தட்டிவிட்டு நகர்ந்தாள்.

அந்த இரவு எண்களாக இருக்கிறது என் கணினியில்.
நூறு தடவைக்கு மேல் ஓட்டியிருக்கிறேன்
தூண்களுக்கு, செங்கல் சுவருக்கு,
ஒருமுறை ஒரு மருத்துவமனைக் கதவுக்கு.
ஓட்டும்போது திரையைத்தான் பார்ப்பேன்.
இன்று மேசையைப் பார்த்தேன்.

மண் முதலில் அசையவில்லை.
பிறகு தன் எடை ஞாபகம் வந்ததுபோல்
ஒருக்களித்து, திரும்பி,
விளிம்பில் மடிப்பு மடிப்பாய் இறங்கியது,
உடுத்த நேரமில்லாமல்
யாரோ வாரிச் சுற்றிக்கொண்ட போர்வை.

இயந்திரம் நின்றும் யாரும் பேசவில்லை.
நேர்கோடு போட எப்போதும்
மாணவர் அட்டையின் விளிம்பைத் திருட்டுத்தனமாய்ப் பிடிக்கும் உலீசெஸ்
அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு
வெறுங்கையால் வரையத் தொடங்கினான்.
கோடு நடுங்கியது. அழிக்கவில்லை.
ரயேன் குனிந்து கேட்டாள்:
இந்த மடிப்பின் சரிவு எத்தனை பாகை?

ஆறு மணிக்கு மேசை சுத்தமாக இருக்க வேண்டும், விதி.
பதிவேட்டில் எழுதினேன்:
மாதிரி, களிமண்.
நேரம், அதிகாலை மூன்று முப்பத்திநான்கு.
அடித்துவிட்டு, மாலை நான்கு இருபது.
சேதம், கை கழுவும் குழாய்.