உருப்படி: ஒன்று

காட்பாடி ஜங்ஷன், பார்சல் ஆபீஸ்.
இரவு பதினொன்றே கால். தரை இன்னும் பகலைக் கக்குகிறது.
கசிகிறது என்று ஒரு தெர்மாகோல் பெட்டியை
பெங்களூர் வண்டியிலிருந்து இறக்கிவிட்டுப் போனார்கள்.

முனிரத்தினம் காதை வைத்துக் கேட்டான்:
“மேடம், உள்ள யாரோ சீப்பால சொரண்டுறாங்க.”

டேப்பைக் கிழித்தேன்.
நனைந்த செய்தித்தாளில் சுற்றிய சிங்கி இறால்கள், பதினேழு.
நடுவில் உருகி முடிந்த ஐஸ் பாட்டில்.
இவற்றுக்குக் கொடுக்கு கிடையாது;
முள் உண்டு, மீசை உண்டு,
மீசையின் அடிக்கட்டையைத் தேய்த்து எழுப்பும்
இந்தக் கர்ர் உண்டு.

ஒன்பதாவதைத் திருப்பினேன்.
வால் மடிப்புக்குள், கசகசாவைவிடப் பொடிசாக,
அடையடையாக முட்டை.
ஆரஞ்சு போய்ப் பழுப்பேறிவிட்டது.
செல்போனில் பெரிதாக்கினால்
ஒவ்வொன்றிலும் கரும்புள்ளி.
கண்.

பி.எஸ்சி. விலங்கியல், பதினாறு வருஷத்துக்கு முன்.
ரயில்வேக்கு எதற்கும் ஆகாத பாடம்
இப்போது வாய்க்குள் ஓடுகிறது:
பொரிந்ததும் கண்ணாடி இலை போலொரு குஞ்சு,
அதற்கு நிழலே விழாது,
மாதக்கணக்கில் நடுக்கடலில் மிதந்து
சட்டை சட்டையாய் உரித்து
என்றைக்கோ பாறை தேடிக் கரைப்பக்கம் திரும்பும்.
லட்சத்தில் எத்தனை திரும்பும்?
அந்தக் கேள்வியைத்தான் சாய்ஸில் விட்டேன்.

பெட்டிமேல் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். காசிமேடு.
தூக்கக் குரல்: “முட்டையா? பிரஷ் போட்டுத் தேச்சிருப்பானே...
எங்காளு ஒண்ண விட்டுட்டான் போல.”

கடல் இங்கிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர்.
முனிரத்தினம் கேன்டீனில் கல்லுப்பு வாங்கிவந்து
பக்கெட்டில் கரைத்தான்,
விரலை விட்டு நக்கிப் பார்த்தான்.
“மெரினா மாதிரியே இருக்கு மேடம்.”
குழாய்த் தண்ணீரின் குளோரினைச் சொல்ல
வாய் வரவில்லை.
ஈரச் சாக்கு போர்த்தி, புது ஐஸ் வைத்தோம்.

ஒன்று நாற்பதுக்குச் சென்னை வண்டி வந்தது.
ஐந்து நிமிஷம் நின்றது.
சரக்கு என்னுடையதல்ல.
போனது.

அடுத்த பெங்களூர் வண்டிக்குப் பதிவேட்டில் எழுதினேன்:
அழுகும் பொருள். எடை பதினொரு கிலோ.
உருப்படி: ஒன்று.
பேனா அங்கேயே நின்றது.
குறிப்புக்கு மூன்று விரல் அகலம் இடம்.
‘ஒன்பதாவது, சினை’ என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
யார் படிக்கப் போகிறார்கள்.

பக்கெட் தண்ணீரை
முனிரத்தினம் தண்டவாளத்தில் கொட்டினான்.
ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது
ஜல்லிக்கல் மேல்
உப்பு பூத்திருந்தது.