டக்

இல்கெஸ்டன் வந்திறங்கிய முதல் வாரம்.
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.
"டா, மீ டக்" என்றார் பஸ் டிரைவர்.
பொம்பளையை டா போடுகிறாரே,
அதுவும் போதாதென்று வாத்து வேறு.
எங்கள் பக்கம் வாத்து என்றால்
அடுத்த சொல் மடையன்.
டிக்கெட்டைக் கசக்கிப் பிடித்தபடி
பின் சீட்டில் போய் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ரொட்டிக்கடைப் பெண் சொன்னாள்,
தபால்காரர் சொன்னார்,
ஒரு தாடிக்காரனைப் பார்த்து
இன்னொரு தாடிக்காரனும் சொன்னான்.
ஊரே நீந்திக்கொண்டிருந்தது.
டா என்றால் நன்றி,
டக் என்றால் சும்மா ஒரு பிரியம் என்று
கூட வேலைபார்க்கும் கோட்டயத்து லிஸி சிரித்தாள்.
ஓ, எங்கள் கோபியில்
முன்பின் தெரியாதவரையும்
"வா கண்ணு" என்பதில்லையா,
அது போல.

முதியோர் இல்லத்து நிலவறையில்
போர்வை எடுக்கப் போனேன்.
உத்தரத்தில் சிவப்புப் பெயிண்டில் அதே சொல்.
எங்கே பறவை என்று அண்ணாந்தபடி நடந்ததில்
நெற்றியில் இடித்தது இன்னோர் அர்த்தம்.
மூன்று தையல்.
விபத்துப் பதிவேட்டில்
"காரணம்" என்ற கட்டத்தில்
மேனேஜர் என்ன எழுதினாள் என்று
இன்றுவரை கேட்டதில்லை.

சனிக்கிழமை அகரன்
மட்டையை இழுத்துக்கொண்டு வந்தான்.
"டக் அவுட்மா. முதல் பால்."
இந்த டக் எனக்குத் தெரியும்.
ஆனால் தட்டில் முட்டை பொரித்து வைத்திருந்தேன்.
பார்த்ததும் தள்ளிவிட்டான்.
"டக்குனு சாப்பிடுடா" என்றேன்
வாய் தவறி.
அதற்கும் சேர்த்து அழுதான்.

பாத் தெரு நிறுத்தத்தில் ஒரு பெரியவர்,
நீலக் கம்பளித் தொப்பி.
போன நவம்பர் மழையில்
நான் குடை விரிக்கும் நேரத்தில்
காலடியில் துப்பிவிட்டு
ஒரு சொல் சொன்னார்.
அதற்கு ஒரே அர்த்தம்தான்.
லிஸியிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நேற்று அதே நிறுத்தம்.
அவருடைய பஸ் பாஸ்
சேற்றில் விழுந்து கிடந்தது.
யாரென்று தெரிந்துதான் குனிந்தேன்.
கோட்டில் துடைத்து நீட்டினேன்.
முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டு
"டா, டக்" என்றார்.

அந்தக் குரல் கேட்ட மாத்திரத்தில்
தலை தானாகத் தாழ்ந்தது.
தோள்கள் காதுவரை ஏறின.
அது நன்றி என்று புரிவதற்குள்
பஸ் வந்து, அவர் ஏறி,
கதவும் மூடியாயிற்று.

எனக்கும் அதே பஸ்தான்.