கிலோ இருபத்தெட்டு

தூத்துக்குடி லாரி வந்து நிற்கும்போது
காரைக்குடிக்கு இன்னும் விடிந்திருக்காது.
கோவிலூர் ரோட்டுக் கிட்டங்கியில்
பத்துக் கட்டு இறக்குவோம்,
இரும்புப் பட்டை போட்டு நெருக்கிய
அமெரிக்கா.

பட்டையை வெட்டினால்
பிடித்துவைத்த மூச்சை விடும் கட்டு.
கொஞ்சம் டீசல், கொஞ்சம் உப்பு,
எந்த ஊர் மழையோ நனைத்த ஓர் ஓரம்.
மற்றபடி புதுக்கருக்கு,
மடிப்பு கலையாதது.

"அங்கேயே அதிகம் பேர் படிக்கிற பேப்பர் மேடம்"
என்றார் ஏஜெண்ட் மோத்தா,
சாதிச் சான்றிதழ் நீட்டுகிற தோரணையில்.
அப்படியானால் இது ஏன் இப்படி
யார் விரலும் படாமல் வந்திருக்கிறது
என்று நான் கேட்கவில்லை.
கிலோ இருபத்தெட்டு.
கேட்டால் முப்பது ஆகும்.

எனக்கென்று ஒரு தரவரிசை உண்டு.
வால் ஸ்ட்ரீட் ஜர்னல் முதலிடம்:
மை கையில் ஒட்டாது,
ஆத்தங்குடிக் கல் நான்கைச் சேர்த்துச் சுற்றலாம்.
நியூயார்க் டைம்ஸ் ஞாயிற்றுக்கிழமைப் பிரதி
கைக்குழந்தை கனம்,
ஒன்றிருந்தால் ஓர் அண்டாவுக்குப் போதும்.
யுஎஸ்ஏ டுடே அழகி. என்ன செய்ய,
ஈரம் பட்டால்
வானிலைப் படத்தின் ஆரஞ்சு
பீங்கான் தட்டில் ஏறிக்கொள்ளும்.
டெக்சாஸ் வெயிலைத் தேய்த்துக் கழுவ
அரை மணி நேரம் ஆகிறது என்று
முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து புகார்.

பாதி அந்தத் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு.
மீதியில் கொஞ்சம் பஜ்ஜிக் கடைக்கு.
வாழைக்காயின் எண்ணெய் குடித்த பிறகுதான்
பங்குச் சந்தைப் பக்கம்
ஒளிவுமறைவு இல்லாமல் தெரிகிறது,
அந்தப்புறம் பிடித்திருக்கும் விரல் உட்பட.

நான் பிளஸ் டூ வரை.
தலைப்புச் செய்தியெல்லாம் வேண்டாம்,
வந்து சேர்வதற்குள்
யார் ஜெயித்தார் என்று தெரிந்துவிடும்.
இறந்தவர்கள் பக்கத்தை மட்டும் விடமாட்டேன்.
லெஸ்டர். எழுபத்தொன்பது வயது.
லிஃப்ட் மெக்கானிக். மூன்று நாய்கள்.
எழுத்துக்கூட்டி, வாய்விட்டு ஒருமுறை சொல்வேன்.
விற்காத பிரதி அல்லவா,
இந்தத் தாளில் அவரை
இதுவரை ஒருவரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஆடி மாதக் கட்டு ஒன்றில்
எப்படியோ ஒன்று தப்பி வந்திருந்தது.
படித்த பேப்பர்.
காப்பிக் கோப்பை வைத்த வட்டம்,
பென்சிலால் பாதி நிரப்பிய குறுக்கெழுத்து.
கீழ் மூலையில் ஆள் திணறியிருக்கிறார்.
ஒரு கட்டத்தை
ஓட்டை விழுகிற அளவுக்கு அழித்திருக்கிறார்.
தொலைபேசி அடித்திருக்கலாம்.
பஸ் வந்திருக்கலாம்.
பொரி வாங்கிய கடையில் கொசுறு கேட்பது போல
நான் மட்டும் அதற்காக
கட்டையெல்லாம் புரட்டினேன்,
அடுத்த நாள் விடை கிடைக்குமா என்று.
கிடைக்கவில்லை.

குறிப்பு எனக்குப் புரியவில்லை.
ஐந்து கட்டம் காலி, அது புரிந்தது.
ரசீது எழுதுகிற பேனாவை எடுத்து,
கா
ரை
க்
கு
டி.
கச்சிதமாக உட்கார்ந்தது.
மேலிருந்து கீழே வரும் சொற்களோடு
அது ஒத்துப்போகாது. தெரியும்.

சாயங்காலம் ஜலாலுதீன் கடைக்குப் பதினாலு கிலோ.
பேக்கிங் போடும் திரவியம்
அந்தத் தாளைத்தான் முதலில் உருவினார்.
"அது வேண்டாம்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
கசக்கி உருட்டி
நீல எனாமல் தூக்கின் வயிற்றில் திணித்துவிட்டார்.
"உள்ளே அடைச்சாத்தான் ஆடாது."
பிராகாவில் செய்து, ரங்கூன் பார்த்து,
கானாடுகாத்தான் பரணில் கிடந்த தூக்கு.
போகும் இடம் ஒஹாயோ.
எச்சரிக்கை, உடையும் பொருள் என்று
மூன்று பக்கமும் ஒட்டினார்.

அங்கே பிரிக்கிறவர்
தூக்கை எடுத்துக்கொண்டு
தாளைக் குப்பையில் போடுவார்.
நானாக இருந்தாலும் அப்படித்தான்.

திரவியம் பல்லால் டேப்பைக் கடித்து அறுத்தார்.
இன்னும் இரண்டு கிலோ வேண்டுமாம்,
டுடே வேண்டாமாம்.