நகல் பெறுபவன்

கோட்கா துறைமுகத்தில் ஏழாம் எண் கிடங்கு.
பெட்டிகளை எண்ணுவது என் வேலை.
பிறர் கடிதங்கள் எனக்கும் நகலாக வரும்.
அவற்றில் எனக்கென்று ஒரு வணக்கம் இருக்காது.

“ஈரம் ஏழு. பேசியது ஆறு. மாற்றித் தருக.”
லாஹ்தியின் சாக்லேட் ஆலையிலிருந்து
ஹில்க்கா எழுதியது இவ்வளவுதான்.
பெயர்கூடப் போடவில்லை,
நிறுவன முத்திரை தானே வந்து ஒட்டிக்கொண்டது.

கோபமில்லை அது.
எங்கள் பக்கம் பேச்சு என்பது குளிர்காலக் கதவு,
திறந்த கையோடு சாத்திவிட வேண்டும்.

ஜார்ஜியாவில், கொட்டைத் தோப்புக்காரர் முர்மான்
அந்த மூன்று வாக்கியத்தை
எத்தனை முறை படித்தாரோ.
நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று நினைத்தாரோ.
பதில் இரண்டு பக்கம் வந்தது:
அம்மா நலமா,
பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தாயிற்றா,
இங்கே மலையில் முதல் பனி,
மைத்துனர் மகள் கல்யாணத்தில்
உங்கள் பெயர் சொல்லியும் ஒரு கோப்பை உயர்த்தினோம்,
நம் சிநேகம் கொட்டை மூட்டையைவிடப் பெரிதல்லவா.
ஏழாவது பத்தியில்,
ஓட்டுக்குள் பருப்பாக,
புதுச் சரக்கு கப்பலேறிய தேதி.

ஹில்க்கா முதல் வரியோடு நிறுத்திவிட்டார்.
“பதில் இல்லை” என்று கோப்பில் குறித்துக்கொண்டார்.

வந்திறங்கிய பெட்டி
கேட்பாரற்று மழையில் பதினொரு நாள் நின்றது.
வாடகை மட்டும் நாள் தவறாமல் ஏறியது.
நான் சொல்லியிருக்கலாம்.
கல்யாணம் வரைக்கும், அதைத் தாண்டியும்
படித்தவன் நான் ஒருவன்தான்.
ஆனால் நகலுக்கு வாய் கிடையாது,
அலுவலகத்தில் அப்படித்தான்.

பன்னிரண்டாம் நாள் மனது கேட்கவில்லை.
இருவரையும் தனித்தனியே போனில் பிடித்தேன்.
ஹில்க்கா, மழையைப் பற்றியாவது ஒரு வரி எழுதுங்கள்.
முர்மான், எண்ணை முதலில் போடுங்கள்.

இருவரும் நல்லவர்கள்.
சொன்னதைக் கேட்டார்கள்,
அதுவும் ஒரே மத்தியானத்தில்.

“பெட்டி 4417. கோட்கா. வந்து பன்னிரண்டு நாள்.”
இது முர்மான்.

“இங்கே மழை விடவில்லை.
உங்கள் மைத்துனர் மகள் புது வீட்டில் சுகமா?
நானும் ஒரு கோப்பை காப்பி உயர்த்துகிறேன்.”
இது ஹில்க்கா.

கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்திருக்கும்,
முகம் பார்க்காமல்.

மூன்று மணிக்கு லாஹ்தியிலிருந்து அழைப்பு:
“முர்மானுக்கு என்மேல் என்ன கோபம்?”
மூன்றே காலுக்கு அவர், தணிந்த குரலில்:
“ஹில்க்கா வீட்டில் ஏதும் துக்கமா?
மறைக்காமல் சொல்லுங்கள்.”

போனை வைத்துவிட்டு
சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
பூட்டு துருவேறி முரண்டு பிடித்தது.
மூட்டைக்குள் மானியைச் செருகினேன்.
முள் ஆடி, தயங்கி, நின்றது.

ஈரம் ஆறு, என்று இருவருக்கும் எழுதினேன்.

மேலே என்ன வணக்கம் போடுவது என்றுதான்
கிடங்கில் விளக்கணைக்கும் வரை
யோசித்துக்கொண்டிருந்தேன்.