வேகம் திருத்தப்பட்டது

தபாலில் வந்த சி.டி.யின் உறையில்
லெனர்ட் ஹார்க்னெஸின் வாழ்க்கை ஒன்றரைப் பக்கம்.
ஷெஃபீல்டில், பதினான்கு வயதில், தேவாலய ஆர்கன்.
அறுபத்து நான்கில் சோஹோவில் ஒரு நிலவறை கிளப்,
ரிதம் அண்ட் ப்ளூஸ், இரவல் கோட்டு.
ஒரே ஒரு பாட்டு முப்பத்தொன்றாம் இடம் வரை ஏறியது;
அதிலும் பெயரை ஹார்ட்னெஸ் என்று அச்சடித்தார்கள்.
இரண்டு விவாகரத்து. கப்பல்களில் வாசிப்பு.
பிறகு இந்த வரி:
'சில காலம் கீழை நாடுகளில்.'

சில காலம் என்றால் நான்கு வருஷம் ஏழு மாதம்.
கீழை நாடுகள் என்றால்
பெங்களூரு, ரெசிடென்சி ரோட்டில் ஒரு ஓட்டலின் முதல் மாடி,
சமையல்கட்டை ஒட்டிய மேடை.

பகலில் நான் ஐ.டி.ஐ.யில் டெலிபோன் டயல் சோதிப்பவன்.
மர்ஃபி டவுனிலிருந்து பேஸ் கித்தாரை முதுகில் கட்டி
சைக்கிளில் போய் நின்ற அன்று
நீ வேண்டாம் என்றார்,
பேஸை என் இடது கை பார்த்துக்கொள்ளும்.
பார்த்துக்கொண்டது.
நான் ஓரமாய் நின்று டாம்பரின் தட்டினேன்,
அரைச் சம்பளம், முழுச் சாப்பாடு.

அடுத்த ஜனவரியில் ஒருநாள்
அவர் சட்டைப் பொத்தான் போடாமல் வந்தார்.
பௌரிங் ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்களாம்.
இடது கையை மடியில் வைத்து
அதன்மேல் ஓட்டல் நாப்கினைப் போட்டுக்கொண்டு
தாடையால் என் பேஸைக் காட்டினார்.
அவ்வளவுதான் நியமன உத்தரவு.

ஏப்ரலில் ஊர் முழுக்க விசிறி போட்டது,
ஆர்கன் இறங்கியது.
அந்த வாத்தியத்துக்குள்ளே சக்கரங்கள்;
அவற்றைச் சுற்றுவது மின்வாரியம்.
செகண்டுக்கு ஐம்பது வர வேண்டிய இடத்தில்
நாற்பத்தெட்டரை வந்தால்
கால்கட்டை குறையும்.
டிரம்பெட் செல்வின் என்னை முறைத்தான்,
நானா காரணம்?
பிருடையைத் தளர்த்திக்கொண்டே போய்
கே.ஈ.பி. சுருதியில் அவரைப் பிடித்தேன்.
அவர் குரலும் கூடவே இறங்கி
இதுவரை போகாத ஒரு படியில் உட்கார்ந்தது.
உங்கள் மின்வாரியத்துக்கு ப்ளூஸ் தெரியும் என்றார்
இடைவேளையில், பீர் நுரையைத் துடைத்தபடி.
பத்தரைக்குக் கடைகள் மூட மூட
ஆர்கன் ஏறும்.
நானும் முறுக்கிக்கொண்டே ஏறுவேன்.

பில் பாக்கிக்கு ஆர்கனை விட்டுவிட்டு
ஒரு பெட்டியோடு போனார்.
கடிதம் எழுத வலது கை இருந்தது;
எழுதவில்லை.

பதினோராவது பாட்டு:
'பெங்களூர், காசெட்டிலிருந்து, தேதி தெரியவில்லை.
ஹார்க்னெஸின் இடது கை
வேறெங்கும் இவ்வளவு நிதானமாக நடந்ததில்லை.'
கீழே பொடி எழுத்தில்:
'டேப் மெதுவாக ஓடியிருக்கிறது; வேகம் திருத்தப்பட்டது.'

திருத்திவிட்டார்கள்.
ஏப்ரலை எடுத்துவிட்டார்கள், ஊர் விசிறிகளை,
அவர் உட்கார்ந்த அந்தப் படியை.
நான் பேஸை எடுத்துக் கூடவே வாசிக்கப் பார்க்கிறேன்.
விரல் பழக்கத்தில் பிருடையைத் தளர்த்துகிறது;
பாட்டு இறங்கி வர மாட்டேன் என்கிறது.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
பெள்ளியப்பா ஐஸ் உடைக்கும் சத்தத்தை மட்டும்
அவர்களால் அழிக்க முடியவில்லை.
அது கொஞ்சம் அவசரமாக உடைகிறது.