நடுவில் கிளற வேண்டாம்

ஆறு ஆப்பிள்.
தோல் சீவுகிறவர்கள் சீவலாம், நான் சீவவில்லை.
நவம்பரிலிருந்து நிலவறையில் கிடந்தவை,
தோல் சுருங்கியிருந்தாலும்
கத்தி பட்டதும் சாறு விட்டன.
மேலே ஒரு கை உறைந்த க்ரான்பெர்ரி.
கொஞ்சம் பட்டைத்தூள்.
அதற்கும் மேலே கேக் மாவு ஒரு பொட்டலம்,
தண்ணீர் சேர்க்காமல், தூளாகவே.
வெண்ணெயை வில்லை வில்லையாக அரிந்து பரப்பி
மூடிக்கடியில் ஒரு துணி,
ஆவி வியர்த்துச் சொட்டாமல் இருக்க.
கிளறக் கூடாது.
என் வேலை முடிந்தது,
மிச்சம் மின்சாரத்தின் வேலை.

ஸ்லோ குக்கருக்கு சீட் பெல்ட் போட்டு
ஊர்க்கூட்டத்துக்கு ஓட்டிப் போனேன்.
வெர்மான்டில் மார்ச் முதல் செவ்வாய்.
பள்ளிக்கூட ஜிம்மில், கூடைப்பந்து வளையத்தின் கீழே,
மடக்கு நாற்காலி போட்டு
ஊர் தன் வரவுசெலவைத் தானே பார்க்கும் நாள்.

சுவரில் பிளக் இரண்டே இரண்டு.
ஒன்றில் காபி டிரம்.
மற்றதில் ரோலண்ட் கான்யோனின் பீன்ஸ்.

அவனோடு எனக்குப் பேச்சு இல்லை.
போன வருஷத்துக்கு முந்தைய பனியில்
அவன் ஓட்டிய கலப்பை வண்டி
என் தபால்பெட்டியைக் கம்பத்தோடு வாரிக்கொண்டு போயிற்று.
"கம்பம் சாலைக்குள் நின்றது" என்று
பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தான்.
கம்பம் நின்ற இடத்தில்தான் நின்றது.

இப்போது ஒன்றும் சொல்லாமல்
எக்ஸ்டென்ஷன் பெட்டியை
பூட்ஸ் முனையால் என் பக்கம் நகர்த்தினான்.
நானும் ஒன்றும் சொல்லாமல் சொருகினேன்.

பதினோராம் தீர்மானம்: சாலைக்குப் புது கிரேடர்.
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் டாலர்.
பழையதை ஒட்டவைக்க முடியாதா என்று
யூடோரா வில்காக்ஸ் மூன்று தடவை எழுந்தாள்.
ஒட்டிய இடத்திலேதான் ஒட்டியிருக்கிறது
என்றான் ரோலண்ட்.

மதியம் மூடியைத் தூக்கினால்
தூள் தூளாகவே.
வெண்ணெய் வில்லைகள் அரிந்த கோணம் மாறாமல்.
பக்கத்தில் அவன் பீன்ஸில் கரண்டி செங்குத்தாக நின்றது.
இரண்டு பாத்திரத்தையும் இரண்டு பேரும் பார்த்தோம்.

"ஃபியூஸ்" என்றேன்.
இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை அதுதான்.

கீழே பாய்லர் அறையில்
நான் டார்ச் பிடித்தேன்.
"கொஞ்சம் இடது" என்றான்.
பிடித்தேன்.
"உங்கள் இடது இல்லை, என் இடது."

ஹாம் ரொட்டியைத் தின்றுவிட்டு
எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.
வெளியே பனி பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது.
இரண்டரை மணிவாக்கில்
பட்டையும் வெண்ணெயும் கலந்த மணம்
வரிசை வரிசையாக உள்ளே வந்தது.
யூடோராவுக்கு வாக்கியம் பாதியில் மறந்துபோயிற்று.
யாரோ ஒரு பையன் போய் மூடியில் கை வைக்க,
"திறந்தால் அரை மணி போச்சு!"
என்று கத்தினோம்,
நானும் ரோலண்டும், ஒரே சமயத்தில்.

தலைவர் ஆல்டன் ஸ்டாக்வெல் கடிகாரம் பார்த்தார்.
கூட்டத்தை முடிக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார்.
நூற்றுமுப்பது பேர் இருந்தும்
வழிமொழிய ஆளில்லை.
ஆகவே கால்வாய்க் குழாய் பற்றிப் பேசினோம்.
நூலகத்துக் கூரை பற்றிப் பேசினோம்.
யாருடைய நாய் என்பதைப் பற்றிக்கூடப் பேசினோம்.

கிரேடர் மூன்று வாக்கில் தேறியது.
நான் வேண்டாம் என்றுதான் கை தூக்கினேன்,
அவன் பார்க்கும்படியாகவே.

நாலேகாலுக்குத் திறந்தேன்.
விளிம்பெல்லாம் சிவந்து, க்ரான்பெர்ரி மேலே வெடித்து,
சாறு கொப்புளம் கொப்புளமாக.
ஒரு மூலையில் மட்டும் மாவு நனையாமல்
வெள்ளையாக இருந்தது.
காகிதக் கிண்ணத்தோடு வந்தவன்
அந்த மூலையைத்தான் அள்ளினான்.
மென்றான்.
"கிளறியிருக்கலாம்."
"கிளறக் கூடாது."
"ம்" என்றான்.
இன்னொரு கரண்டி எடுத்தான்.

இரவு வீட்டில் பாத்திரத்தைக் கழுவும்போது
அடியில் ஒட்டிய கருஞ்சாற்றோடு
ஒரு கரண்டி கிடந்தது, என்னுடையது இல்லை.
காம்பில் நெயில் பாலிஷால் 'ரோ. கா.'

திருப்பித் தர வேண்டும்.
ஏப்ரல் கடைசியில்
மண் இளகட்டும்.
குழி தோண்ட எப்படியும் வருவான்.