செல்லாத சீட்டு

ஞாயிறு காலை பதினொன்று.
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
கைப்பந்து வலையைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு
மேசை போட்டிருக்கிறோம், நாலு பேர்.
நூற்று எழுபத்தாறு உறைகள்.

கைபேசிக்குள் அடையாள அட்டை வேண்டுமா
என்று கேட்கிறது சுவிட்சர்லாந்து.
பதிலைப் பேனாவால் எழுதித்
தபாலில் போட்டிருக்கிறது எங்கள் ஊர்.
இதற்கு யாரும் சிரிக்கவில்லை, என்னைத் தவிர.

கியாக்கென் பால்பண்ணைக்காரன்.
உறையைக் கத்தியால் கீறுகிறான், மீன் வயிற்றைப்போல.
"போன தடவை வேண்டாம் என்றோம்.
வேண்டும் என்று சொல்லும்வரை கேட்பார்களோ?"

மெங்கியாவுக்கு மருந்துக்கடை.
"பதினெட்டு ஆயிற்றா, அதை மட்டும் காட்டும்.
பெயர் காட்டாது, தெரு காட்டாது.
இப்போது ஒரு இருமல் மருந்துக்கு
முழு ஜாதகத்தையும் என்னிடம் நீட்டுகிறார்கள்."

"இப்போதைக்கு மட்டும் காட்டாது" என்றான் கியாக்கென்.
அவள் உறைகளின் விளிம்பைத் தட்டிச்
சமன் செய்துகொண்டிருந்தாள்.

பார்லாவைப் பற்றி அரசு ஒரு காலத்தில்
கோப்பு வைத்திருந்தது.
கேட்டு வாங்கிப் பார்த்தாளாம்.
பாதி வரிகளில் கறுப்பு மை.
மீந்த ஒரு வரி:
மாடியில் சிவப்புத் துணி உலர்த்துகிறாள்.
"அது மேசைவிரிப்பு" என்கிறாள்,
முப்பத்தைந்து வருடமாக,
கேட்பவரிடமும் கேளாதவரிடமும்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கியாசோ எல்லை நிலையத்தில்
எங்கள் நாட்காட்டியில் ஒரு நாள் சொன்னேன்,
மழை ஓய்ந்தபின் வரும் மாதம்.
அதிகாரி ஜனவரி ஒன்று என்று அடித்தார்.
அன்று வரிசையில் நின்ற
பதினேழு எரித்திரியர்களுக்கும் ஒரே பிறந்தநாள்.

லெத்தெப்ரிஹான். ஒளியின் மகள் என்று பொருள்.
கட்டங்கள் போதவில்லை.
மகள் உள்ளே வந்தாள்;
ஒளி எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது.
ஒன்பது வருடம் அந்த அரைப் பெயரை நீட்டித்தான்
ரொட்டி, ரயில், பல் வைத்தியம்.
அதற்கு முன் அட்டையே இல்லாத நாட்கள்.
காவலர்களின் பூட்ஸ் மட்டும்
நினைவிருக்கிற நாட்கள்.

ஆம் ஒரு குவியல், இல்லை ஒரு குவியல்.
சில ஆம்கள் நடுங்கியிருந்தன.
ஒரு இல்லை காகிதத்தைக் குத்திக் கிழித்திருந்தது.
ஒன்றில் காப்பிக் கறை; பதில் தெளிவு.

நூற்று இருபதாவதோ என்னவோ,
மெங்கியாவின் கை நின்றது.
ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.
கட்டத்துக்குள் எழுதியிருந்தது:
யார் கேட்பது?
கடைசி எழுத்தின் வால் சுருண்டு மேலேறியது.

அந்த வாலைத் தெரியாதவர் ஊரில் இல்லை.
பண்ணை வாசல் பலகையில்
வெண்ணெய் விலைக்கும் அதே வால்தான்.

கியாக்கெனின் காது சிவந்தது.
ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான்,
அது நேற்று இரவு முளைத்ததுபோல.
மெங்கியா அவனைப் பார்க்கவில்லை.
பார்லா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்.
"செல்லாது" என்றாள் மெங்கியா.
தனியே வைத்தாள், கவிழ்த்து.

பிறகு ஒன்று பார்லாவின் கைக்கு வந்தது.
வேறு லிபியில் பழகிய கை என்னுடையது,
எழுத்துகளைக் கோக்கத் தெரியாமல்
ஒவ்வொன்றையும் தனியே நிறுத்திவைக்கும்.
அவள் விரல் ஒரு மூச்சளவு தயங்கியது.
எந்தக் குவியல் என்று நான் சொல்லமாட்டேன்.
அவளும் சொல்லமாட்டாள்.

தொண்ணூற்று மூன்று, எண்பத்திரண்டு, ஒன்று.
கியாக்கென்தான் தொலைபேசியில் வாசித்தான்,
அந்த ஒன்றைக் கொஞ்சம் வேகமாக.

முடிவுத் தாளில் நால்வரும் கையெழுத்திட வேண்டும்.
கட்டங்கள் இல்லை, ஆளுக்கொரு கோடு.
முழுப்பெயரையும் எழுதினேன்.
கோடு முடிந்தும் பெயர் முடியவில்லை,
வளைந்து அடுத்தவன் இடத்தில் இறங்கியது.
கியாக்கென் பேனாவைச் சற்றுக் கீழே தள்ளி
மிச்சமிருந்த வெள்ளையில்
தன் பெயரைப் போட்டான்,
வாலைச் சுருட்டாமல்.